பெற்றோருடன் கிறிஸ்துமஸ்: குளிர் குறைந்த ஐரோப்பிய ஊர் எது? செவில் சரியாக வருமா?

பொருநை (அக்டோபர் 11)

வணக்கம். நாங்கள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இருக்கிறோம். அப்பா, அம்மா இருவரும் பாளையங்கோட்டையிலிருந்து நவம்பர் கடைசியில் வருகிறார்கள். மூன்று மாதம் இருப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே மாதத்தில்தான் வந்தார்கள். அந்த டிசம்பர் முழுக்க அம்மா நாலு முறைகூட வெளியே இறங்கவில்லை. முழங்கால் வலி, உறைந்த தரையில் வழுக்கிவிடுமோ என்ற பயம், நாலரை மணிக்கே இருட்டு. சன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் கேரல் வருகிறவர்களுக்குக் காப்பி போட்டுக்கொடுத்து, விடியற்காலை நாலு மணி ஆராதனைக்கு முதல் ஆளாகக் கிளம்புகிறவர்கள். அந்தக் காட்சி எனக்கு இன்னும் மனசை அறுக்கிறது.

அதனால் இந்த முறை டிசம்பர் 23 முதல் 27 வரை தெற்கே எங்காவது போகலாம் என்று நினைக்கிறோம். அலுவலகத்தில் ஒருவர் ஸ்பெயினில் செவில் நகரம் நல்லது என்றார். அம்மா நடக்கிற மாதிரி இருக்க வேண்டும், கிறிஸ்துமஸ் களையும் தெரிய வேண்டும். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 67. பிள்ளைகளுக்கு 9, 6. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைச்சாரல் (அக்டோபர் 11)

நான் வேறு மாதிரி யோசிப்பேன். ஊரிலிருந்து வருகிறவர்களுக்குப் பனி பார்க்கத்தானே ஆசை இருக்கும்? உங்களுக்கு ஸ்ட்ராஸ்பூர்க் பக்கம். அந்தக் கிறிஸ்துமஸ் சந்தை 1570-லிருந்து நடக்கிறது. வெயிலில் கிறிஸ்துமஸ் அவர்கள் ஊரிலேயே பார்த்ததுதானே.

பொருநை (அக்டோபர் 11)

போன முறை சந்தைக்குக் கூட்டிப்போனோம். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். அம்மா இருபது நிமிடத்தில் கார் எங்கே என்று கேட்டார்கள். பனியைப் பார்த்தாயிற்று. இந்த முறை அவர்கள் நடக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

கரிசல்மகன் (அக்டோபர் 12)

பொருநை அக்கா, நான் செவிலில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஆறு கிறிஸ்துமஸும் அங்கேதான். இப்போது கோவையில் இருக்கிறேன், டிசம்பர் வந்தால் அந்த ஊர் நினைவுதான். ஊர் சரியான தேர்வு. தேதிதான் சரியில்லை. விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் வானிலை. டிசம்பரில் பகலில் 16, 17 டிகிரி வரை ஏறும், இரவில் 7 வரை இறங்கும். ஏறக்குறைய நம் ஊட்டி டிசம்பர் என்று அம்மாவிடம் சொல்லலாம். வெயிலில் நின்றால் இதமாக இருக்கும், தெருவின் மறுபக்க நிழலுக்குப் போனால் ஸ்வெட்டர் கேட்கும். மழையும் உண்டு. நவம்பரும் டிசம்பரும்தான் அங்கே மழை மாதங்கள், ஆகவே குடை எடுக்காமல் போகாதீர்கள். ஆனால் தரை உறையாது, அம்மா வழுக்குமோ என்று பயப்பட வேண்டாம். வெளிச்சம் இன்னும் நல்ல செய்தி. ஸ்பெயினும் ஜெர்மனியும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன, ஆனால் செவில் எவ்வளவோ மேற்கே இருக்கிறது. அதனால் டிசம்பர் கடைசியில் சூரியன் மறையவே மாலை ஆறு தாண்டிவிடும். விடிவதும் தாமதம், எட்டரைக்கு மேல்தான். காலையில் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம்.

இப்போது தேதி. நீங்கள் போட்டிருக்கும் 23 முதல் 27 வரை அந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்குள் இருக்கிற நாட்கள். 24 பகலில் தெருவெல்லாம் ஆள் இருக்கும், நண்பர்களோடு நின்று குடித்துப் பேசுவார்கள். மாலை ஆனதும் எல்லோரும் அவரவர் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். பேருந்து ஓட்டமும் மெல்ல நின்றுவிடும். இரவில் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடையைத் தேடி அலைய வேண்டும். முதல் வருடம் எனக்கு இது தெரியாது. ஒன்பது மணிக்குப் பசியோடு இறங்கினேன். ஒவ்வொரு சன்னலிலும் விளக்கும் சிரிப்புச் சத்தமும், தெருவில் நான் மட்டும். அறைக்குத் திரும்பி ரொட்டியும் ஆரஞ்சும் சாப்பிட்டுப் படுத்தேன். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இரவை அனுபவிக்க வேண்டாம் அக்கா. 25-ல் அல்காசர் அரண்மனையும் மூடியிருக்கும், கடைகளும் மூடியிருக்கும்.

ஏனென்றால் அந்த ஊருக்குக் கிறிஸ்துமஸ் ஒரு நாள் இல்லை. நம் மார்கழி போல அது ஒரு பருவம். டிசம்பர் 8, மாதாவின் அமலோற்பவத் திருநாளில் களைகட்டும். அன்றிலிருந்து எட்டு நாளும் மாலையில் பேராலயப் பலிபீடத்துக்கு முன்னால் பத்துச் சிறுவர்கள் நீலமும் வெள்ளையும் உடுத்தி, கையில் சப்ளாக்கட்டை போன்ற காஸ்தன்யுவேலாக்களைத் தட்டிக்கொண்டு ஆடுவார்கள். செய்செஸ் என்று அவர்களுக்குப் பெயர். கோயிலுக்குள், தேவநற்கருணைக்கு முன்னால், ஆட்டம். முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்புறம் 22-ஆம் தேதி கிறிஸ்துமஸ் லாட்டரிக் குலுக்கல். காலை முழுக்க எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் வானொலியில் குழந்தைகள் பாடுகிற குரல்தான். மத்ரித்தில் சான் இல்தெபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் ஒருவர் எண்ணையும் இன்னொருவர் பரிசுத் தொகையையும் ராகமாகப் பாடுவார்கள். இந்தக் குலுக்கல் 1812-ல் முதன்முதலில் நடந்தது பக்கத்து ஊரான காதிஸில். ஒரு சீட்டின் பத்தில் ஒரு பங்கு 20 யூரோ. அதற்கே முதல் பரிசு 4,00,000 யூரோ. அலுவலகம், தெரு, குடும்பம் எல்லாம் ஒரே எண்ணை வாங்குவார்கள்.

எல்லாவற்றுக்கும் உச்சம் ஜனவரி 5 மாலை. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் ஊருக்குள் வருகிற ஊர்வலம், கபல்காத்தா. செவிலில் 1918 முதல் அத்தெனேயோ என்ற பண்பாட்டுச் சங்கம் நடத்துகிறது. தேர் தேராக வரும், மேலிருந்து மிட்டாயை வாரி இறைப்பார்கள். பாட்டி தாத்தா எல்லோரும் குடையைத் தலைகீழாக விரித்து ஏந்துவார்கள். அங்கே பிள்ளைகள் பெரிதாகக் காத்திருப்பது 6-ஆம் தேதிப் பரிசுக்குத்தான். முதல்நாள் இரவு செருப்பை எடுத்துவைத்து, ராஜாக்களின் ஒட்டகங்களுக்குத் தண்ணீரும் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். 9 வயதும் 6 வயதும் இருக்கிற வீடு இதை விட்டுவிட்டு 27-ல் திரும்பலாமா?

ஒஸ்லோ_மயூரி (அக்டோபர் 12)

கரிசல்மகன் சொல்வதோடு ஒன்று சேர்க்க வேணும். நாங்கள் ஒஸ்லோவில் இருக்கிறோம். இங்கே நத்தார் காலத்தில் பின்னேரம் மூன்றேகாலுக்கே இருட்டு. அதனால் மூன்று முறை தெற்கு ஸ்பெயினுக்குப் போய்விட்டோம். முதல் முறை செவிலில் பழைய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். படத்தில் வடிவான வீடு, தரையெல்லாம் ஓடு, உயரமான கூரை. வெளியில் 16 பாகை, வீட்டுக்குள் சரியான குளிர். ஒஸ்லோவில் வீட்டுக்குள் மெல்லிய சட்டையோடு இருக்கிற என் மாமியார் அங்கே இரவெல்லாம் ஜாக்கெட்டோடு படுத்தா. மூட்டு வலிக்காரருக்கு அந்த ஓட்டுத் தரை நஞ்சு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பொருநை (அக்டோபர் 13)

மயூரி, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஜெர்மனியில் வீட்டுக்குள் குளிர் என்ற பேச்சே இல்லாததால் வெளி வெப்பநிலையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரிசல்மகன், அங்கே இருக்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

கரிசல்மகன் (அக்டோபர் 13)

மயூரி அக்கா சொல்வது முழுக்க உண்மை. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஊர் வீடுகள் கோடையை நினைத்துக் கட்டியவை. ஜூலையில் 40 டிகிரி சாதாரணம். தடித்த சுவர், நடுவில் முற்றம், ஓட்டுத் தரை, குறுகிய தெரு, சன்னலில் வெயில் விழாத அமைப்பு. கோடையில் உயிர் காக்கிற இதே விஷயங்கள்தான் டிசம்பரில் குளிரை உள்ளே பிடித்துவைக்கின்றன. பழைய வீடுகளில் மைய வெப்ப வசதி அபூர்வம்.

ஊர்க்காரர்கள் வழி என்னவென்றால், ஒரு வட்ட மேசை, அதன்மேல் தரை தொடும் கனத்த துணி, அடியில் ஒரு கணப்பு. மேசா கமீல்யா என்பார்கள். (நம் 'மேசை' போர்த்துகீசிய 'மேசா'விலிருந்து வந்ததுதான். அங்கே அந்தச் சொல்லைக் கேட்டபோது வீட்டு ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது.) கணப்புக்கு பிரசேரோ என்று பெயர். முன்பு கரி, இப்போது மின்சாரம். குடும்பம் முழுக்கத் துணிக்குள் காலை விட்டுக்கொண்டு சீட்டு விளையாடும், சாப்பிடும், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும். என் வீட்டுக்காரப் பாட்டி குளிர்காலம் முழுக்க அந்த மேசையை விட்டு எழுந்திருக்கமாட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது: பதிவு செய்யும் முன்பு வீட்டுக்காரரிடம் எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு படுக்கையறையிலும் சூடாக்கும் வசதி இருக்கிறதா என்று அறை அறையாகக் கேளுங்கள். ஹாலில் மட்டும் சூடாக்கும் ஏசி இருந்தாலும் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். லிஃப்ட்டும் கேளுங்கள், பழைய கட்டடங்கள் பலவற்றில் கிடையாது. சாந்தா குரூஸ் பகுதிச் சந்துகள் அழகு. ஆனால் தங்குவதற்கு அம்மாவின் காலை நினைத்துப் புதிய கட்டட ஓட்டலே நல்லது. வீட்டுச் செருப்பும் தடித்த காலுறையும் கட்டாயம்.

பாலாறு (அக்டோபர் 14)

சாப்பாடு பற்றி ஒரு சந்தேகம். நானும் குடும்பத்தோடு அங்கே போக நினைத்திருக்கிறேன். நாங்கள் பன்றி சாப்பிடமாட்டோம். கிறிஸ்துமஸ் இனிப்புகளில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கரிசல்மகன் (அக்டோபர் 14)

நல்ல கேள்வி பாய். கட்டாயம் கவனிக்க வேண்டும். எல்லாக் கடையிலும் மலையாகக் குவிந்திருக்கும் மான்தெகாதோ, போல்வொரோன் இரண்டும் வாயில் போட்டால் மாவாக உதிரும், பார்க்க நம் நெய் பிஸ்கட் போலத்தான் இருக்கும். ஆனால் அவற்றின் உயிரே பன்றிக் கொழுப்பு. மான்தெகா என்றால் அங்கே அதுதான். செவில் மாகாணத்தில் எஸ்தேப்பா என்ற சிற்றூர் இவற்றுக்குப் பெயர்போனது. ஆலிவ் எண்ணெயில் செய்ததும் உண்டு, பெட்டியில் 'அசெய்தே தே ஒலிவா' என்று எழுதியிருக்கும். இருந்தாலும் பின்பக்கம் பொருட்பட்டியலைப் படித்துவிடுங்கள். துர்ரோனில் பாதாம், தேன், முட்டை வெள்ளைக்கரு. மசபானில் பாதாமும் சர்க்கரையும். பெஸ்தீன்யோ என்று ஒன்று இருக்கிறது, மாவில் எள்ளும் சோம்பு வாசனையும் சேர்த்து எண்ணெயில் பொரித்துத் தேனில் புரட்டுவது. நம் ஆட்கள் எல்லோருக்கும் பிடிக்கும். சில இடங்களில் மாவில் ஒயின் சேர்ப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேன்சிட்டு (அக்டோபர் 14)

நான் இப்போது செவிலில் முதுகலை படிக்கிறேன். இனிப்பு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடையில் வாங்காதீர்கள், மடத்தில் வாங்குங்கள். வெளியுலகத்துக்கு முகம் காட்டாத கன்னியாஸ்திரிகள் நடத்தும் மடங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. சுவரில் மரத்தால் செய்த சுழலும் பெட்டி ஒன்று இருக்கும், தோர்னோ என்று பெயர். மணியை அடித்தால் உள்ளிருந்து "ஆவே மரியா பூரிசிமா" என்று குரல் வரும். "சின் பெகாதோ கொன்செபிதா" என்று நாம் பதில் சொல்ல வேண்டும். வேண்டியதைச் சொல்லிப் பணத்தைப் பெட்டியில் வைத்தால் அது சுழன்று உள்ளே போகும், இனிப்போடும் மீதிச் சில்லறையோடும் திரும்பி வரும். எதிரே இருப்பவரை நாம் பார்க்கவே முடியாது. சான் லியாந்த்ரோ மடத்து யேமாஸ் முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும். சாந்தா பவுலா மடத்தில் ஆரஞ்சு ஜாம்.

ஆரஞ்சு பற்றியும் சொல்ல வேண்டும். தெருவோரத்தில் 40,000-க்கும் மேல் ஆரஞ்சு மரங்கள். டிசம்பரில் அத்தனையும் காய்த்துத் தொங்கும். யாரும் பறித்துத் தின்னமாட்டார்கள், அவ்வளவு கசப்பு. நான் வந்த வாரமே ஒன்றைக் கிள்ளி முகர்ந்தேன். எங்கள் ஆச்சி உப்பில் ஊறவைக்கும் நாரத்தங்காய் வாசனை! அப்புறம் தேடினால், ஸ்பானிய 'நரான்ஹா' அரபு 'நாரஞ்ச்'சிலிருந்து வந்தது, அது பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னால் போய், கடைசியில் வேர் திராவிட மொழியில் இருக்கலாம் என்று சொல்லாய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதாவது நம் நாரத்தை. இங்கே தனியாக உட்கார்ந்திருந்த எனக்கு அன்றைக்கு அது எவ்வளவு பெரிய துணையாக இருந்தது தெரியுமா.

ஒஸ்லோ_மயூரி (அக்டோபர் 15)

தெற்கு ஸ்பெயினிலேயே இருக்கிற மலாகா நகரத்துக்காக நான் கொஞ்சம் வாதாடுகிறேன். கடல் இருக்கிறது, இரவுக் குளிர் செவிலை விடக் குறைவு, கடற்கரை நடைபாதை முழுக்கச் சமதரை. லாரியோஸ் வீதி விளக்கு அலங்காரம் கண்கொள்ளாக் காட்சி. டிசம்பர் 28-ல் வெர்தியாலேஸ் விழா. பூவும் கண்ணாடியும் நாடாவும் கட்டிய தொப்பியோடு மலைக் கிராமத்து ஆட்கள் வயலினும் தாளமும் கொண்டு நாள் முழுக்கப் போட்டி போட்டுப் பாடுவார்கள். சுற்றுலாக்காரருக்காக நடத்துவது இல்லை, அவர்களுடைய சொந்த விழா. என் மாமியாருக்கு அதுதான் மூன்று பயணத்திலும் பிடித்த நாள்.

கரிசல்மகன் (அக்டோபர் 15)

வெர்தியாலேஸ் நானும் பார்த்திருக்கிறேன், அதில் மறுபேச்சு இல்லை. லாரியோஸ் வீதியைப் பற்றி மட்டும் மாறுபடுகிறேன். விளக்கு நிகழ்ச்சி நேரத்தில் அங்கே தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். முழங்கால் வலியோடு நிற்க முடியாது. இரண்டு ஊருக்கும் நடுவே ரயிலில் இரண்டு மணி நேரம்தான், 28-க்கு மட்டும் போய்வரலாம்.

செவிலில் அம்மாவுக்குப் பிடிக்கக்கூடியது பெலேன். நாம் குடில் வைப்போம் அல்லவா, அதுதான். ஆனால் அங்கே அது மாட்டுத்தொழுவத்தோடு நிற்காது. ஊர் முழுக்க வரும். தக்கைப் பட்டையில் மலை, பாசியில் புல்வெளி, ஓடுகிற தண்ணீர், மீன்காரி, அடுப்பில் ரொட்டி சுடுகிறவன், துணி துவைக்கிறவள். கோயில், வங்கி, சங்கம் எங்கும் வைப்பார்கள். குடும்பம் குடும்பமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார்கள், கிட்டத்தட்ட நம் வீடுகளில் கொலு பார்க்கப் போவது போல. பேராலயத்துக்குப் பக்கத்தில் பொம்மைகளுக்கென்றே சந்தை. அதில் ஆடு ஒன்று, மரம் ஒன்று என்று வருடா வருடம் வாங்கிச் சேர்ப்பார்கள்.

ஊர்வலம் பற்றி ஒரு எச்சரிக்கை. 2025-ல் 5-ஆம் தேதி புயல் மழை என்று முன்னறிவிப்பு வந்ததால் ஒருநாள் முன்கூட்டி 4-லேயே நடத்திவிட்டார்கள். ஆகவே 4-ஆம் தேதியே ஊரில் இருப்பது நல்லது. ஜனவரி 1-லும் 6-லும் அல்காசர் மூடியிருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பொருநை (அக்டோபர் 17)

அப்பா அம்மாவிடம் பேசினேன். 25 காலை ஆராதனை தமிழில்தான் வேண்டும் என்று அப்பா உறுதியாகச் சொல்லிவிட்டார். இங்கே ஒரு சிறிய தமிழ்ச் சபை கூடுகிறது. அதை முடித்துக்கொண்டு 27-ல் கிளம்பி ஜனவரி 7-ல் திரும்புகிறோம். எங்கள் மாநிலத்தில் ஜனவரி 6 அரசு விடுமுறை, ஆகவே எனக்கு விடுப்பும் குறைவாகவே செலவாகும். மூன்று ராஜாக்கள் நாள் என்றுதான் காலண்டரில் போட்டிருக்கிறது. எட்டு வருடமாக அதை வெறும் விடுமுறையாகத்தான் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. ஓட்டல் போட்டாயிற்று. அறை அறையாகக் கேட்டேன் மயூரி!

கரிசல்மகன் (அக்டோபர் 17)

மிகவும் சந்தோஷம் அக்கா. இன்னும் இரண்டு விஷயம். உயரத்திலிருந்து ஊர் பார்க்க ஹிரால்டா கோபுரத்துக்கு அம்மாவை ஏற்றாதீர்கள். பெரும்பாலும் படிக்குப் பதில் சாய்தளம்தான், ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக 35 சாய்தளம். 2011-ல் திறந்த பெரிய மரக் காளான் கூடாரம் ஒன்று நகர நடுவில் இருக்கிறது, செத்தாஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதற்கு லிஃப்ட் உண்டு. அப்புறம் 31 இரவு பன்னிரண்டு மணியடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சை சாப்பிடுவார்கள். விதையை எடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாதியாக நறுக்கிக் கொடுங்கள், அவசரத்தில் தொண்டையில் சிக்கும்.

பொருநை (ஜனவரி 3)

செவிலிலிருந்து எழுதுகிறேன். ஒன்றரை நாள் மழை, மற்ற நாளெல்லாம் வெயில். அறை கதகதப்பாக இருக்கிறது.

முதல் நாள் பிளாசா தே எஸ்பாஞ்ஞா சதுக்கத்தில் ஓடு பதித்த இருக்கையில் அம்மா ஒரு மணி நேரம் வெயில் காய்ந்தார்கள். நாங்கள் எழுந்திருக்கச் சொன்னபோது "இன்னும் கொஞ்ச நேரம்" என்றார்கள். அப்பா தினமும் ஒரு பெலேன் தேடிப் பிடிக்கிறார். நேற்று ஒன்றில் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பொம்மையைப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் அவருடைய தாத்தா களிமண்ணில் குடில் பொம்மை செய்த கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார். நான்கூட அதைக் கேட்டதில்லை.

தேன்சிட்டு, சான் லியாந்த்ரோ போனோம். ஸ்பானிய வாசகத்தை மகளுக்குப் பழக்கிக் கூட்டிப்போனேன். அவள் சொல்வதற்குள் அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, "ஸ்தோத்திரம் அம்மா" என்றார்கள். உள்ளே ஒரு நொடி சத்தமில்லை. அப்புறம் வயதான குரல் ஒன்று மெதுவாக ஏதோ சொன்னது, எங்களுக்குப் புரியவில்லை. அம்மா தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். யேமாஸ் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமாம். கெட்டுவிடும் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் வேறு எந்தத் திட்டமும் வைக்கவில்லை. பையன் அறைக்குள்ளேயே குடையைத் தலைகீழாகப் பிடித்துப் பழகுகிறான். இப்போது காலை ஒன்பது மணி, வெளியே இப்போதுதான் வெளுத்திருக்கிறது. அம்மா ஸ்வெட்டர், காலுறை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.